மடியில் கனம்: டெல்டாவில் பிஸ்டல் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பிஸ்டல் லைசென்ஸ் வைத்திருக்கும் ஐயாக்கள், அண்ணன் தம்பிமார்கள், வீட்டுக்காரருக்குப் பிறகு லைசென்ஸைத் தன் பெயரில் வாங்கியிருக்கும் அம்மாக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் ராணுவத்தில் ஆயுதப் பயிற்சி கொடுத்து ஓய்வுபெற்றவன். இப்போது மன்னார்குடி பக்கம் கொஞ்சம் நிலமும் கொஞ்சம் தென்னையும் என் பிழைப்பு. உங்களில் பலரை எனக்குத் தெரியும். ரைஸ் மில் முதலாளிகள், கும்பகோணத்தில் நகைக்கடை வைத்திருப்பவர்கள், அறுவடை சீசனில் பணத்தோடு ராத்திரி நேரத்தில் கார் ஓட்டுபவர்கள், தாத்தா காலத்து மிராசு வீட்டில் பீரோவோடு சேர்த்து பிஸ்டலும் பங்கில் வந்தவர்கள். உங்களுக்குத் துப்பாக்கி தேவையா என்று கேட்க நான் ஆளில்லை. அதையெல்லாம் கலெக்டர் ஆபீஸில் கேட்டு முடித்துவிட்டார்கள். என் கவலை உங்கள் இடுப்பைப் பற்றியது. லைசென்ஸ் இருக்கிறது, பிஸ்டல் இருக்கிறது, அதை இடுப்பில் வைக்க ஒழுங்கான உறை, அதாவது ஹோல்ஸ்டர், மட்டும் நான் பார்த்த பலரிடம் இல்லை.

நல்ல நிலையில் இருக்கும் பிஸ்டல், மூடிய உறைக்குள் சும்மா இருந்தால் வெடிக்காது. அது வெடிப்பது உள்ளே செருகும்போது, வெளியே இழுக்கும்போது, "காலிதானே" என்று யாருக்காவது காட்டும்போது, ராத்திரி படுக்கப் போகும் முன் தோட்டாவை இறக்கும்போது. அதாவது கை படும் நேரத்தில். அதனால் இந்த மடல் முழுக்க நான் சொல்லப்போவது ஒன்றுதான்: கை படும் தடவைகளைக் குறையுங்கள், கை பட்டே ஆக வேண்டிய நேரத்தில் நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் வேட்டி. நம் ஊர்ப் பெரியவர்கள் முக்கால்வாசிப் பேர் பிஸ்டலை வைப்பது மடியில், இல்லையென்றால் பச்சை பெல்ட்டின் பைக்குள். நம்மூர் ஆண்பிள்ளை ஒரு நாளைக்கு வேட்டியை எத்தனை தடவை தொடுகிறான் என்று யோசித்துப் பாருங்கள். வரப்பில் இறங்கினால் மடித்துக் கட்டுவான். பெரியவர் யாராவது எதிரே வந்தால் அவிழ்த்து விடுவான். பைக்கில் ஏறும்போது ஒரு தடவை, சாப்பிட உட்காரும்போது ஒரு தடவை, பிடிப்பு தளர்ந்தது என்று சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் அந்த உலோகம் கொஞ்சம் நகரும், கொஞ்சம் திரும்பும். காலையில் செருகியபோது எந்தப் பக்கம் பார்த்ததோ, மத்தியானம் அந்தப் பக்கம் பார்க்காது. சுடாமல் பூட்டி வைக்கும் சேஃப்டி லீவர் துணியில் உரசிக் கீழே இறங்கியிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பச்சை பெல்ட் பணம் வைக்கவும் பொடி டப்பா வைக்கவும் செய்தது. அதன் பைக்குள் டிரிகரை (சுடுவதற்கு இழுக்கும் விசையை) மூடிக் காக்கிற எதுவும் கிடையாது. சாவிக்கொத்தும் பிஸ்டலும் ஒரே பைக்குள் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்தச் சாவி டிரிகர் கார்டுக்குள், அதாவது டிரிகரைச் சுற்றிய வளையத்துக்குள், நுழைய ரொம்ப நேரம் ஆகாது.

முன்பக்கம் மடியில் செருகினால் குழல் எதைப் பார்க்கிறது? உட்கார்ந்தால் தொடை இடுக்கை. அங்கேதான் காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. அது அறுந்தால் திருவாரூரோ தஞ்சாவூரோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை ரத்தம் காத்திருக்காது. சில நிமிஷங்களில் ஆளை முடித்துவிடும். (அப்படி ஒன்று உங்கள் கண்ணெதிரே நடந்தால், தோளில் இருக்கும் துண்டைச் சுருட்டிக் காயத்தின் மேல் வைத்து, உடம்பின் முழு எடையையும் போட்டு அழுத்துங்கள். இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். ரத்தம் நின்றதா என்று துண்டை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.) ".32 தானே, சின்னத் தோட்டாதானே" என்று சிலர் சொல்வார்கள். நம்மில் பலரிடம் இருப்பது அதுதான், ஏனென்றால் 9 எம்.எம். நமக்குத் தடை செய்யப்பட்ட ரகம். ஒரு முழ தூரத்தில் உங்கள் தொடைக்கு .32 போதும்.

ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பந்தி. என் எதிர் வரிசையில் ஒரு மில் முதலாளி, நல்ல மனிதர், இலையில் தண்ணீர் தெளிக்கக் குனிந்தார். மடியிலிருந்து பிஸ்டல் நழுவியது. மேஜை விளிம்பில் பட்டுக் கீழே போகிறது. அவர் சட்டென்று இரண்டு கையையும் நீட்டி அதைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் ஆள்காட்டி விரல் டிரிகர் கார்டுக்குள் இருந்தது, குழல் சாம்பார் வாளியோடு நின்ற பையனின் வயிற்றைப் பார்த்தது. சேம்பர் (குழலின் பின்முனையில் சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறை) காலியாக இருந்ததோ, சேஃப்டி போட்டிருந்ததோ, வெடிக்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே திரும்பச் செருகிக்கொண்டார். அடுத்துப் பாயசம் வந்தது. பையனுக்கு என்ன நடந்ததென்றே தெரியாது.

கீழே விழுகிற பிஸ்டலைப் பிடிக்கக் கூடாது. விழட்டும். தரையில் கீறல் விழும், மானம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். இப்போது வரும் மாடல்கள் பலவற்றில் தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்தும் ஃபயரிங் பின்னைத் தடுக்கும் பிளாக் இருக்கிறது, டிரிகரை முழுக்க இழுத்தால்தான் அது விலகும். தாத்தா காலத்துப் பிஸ்டல்கள் பலவற்றில் அந்த பிளாக் இல்லை. சேம்பரில் தோட்டாவோடு குழல் தரையில் குத்தினால் வெடிக்க வாய்ப்பு உண்டு என்பது உண்மைதான். அப்படியிருந்தும், காற்றில் பிடிக்கப் போகும் கை அதைவிட ஆபத்து. விழாமல் பார்த்துக்கொள்வது ஹோல்ஸ்டரின் வேலை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2016-ஆம் வருஷ ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துப் போவதென்றால் அதற்கான உறையில் அல்லது பையில், முழுக்க மறைந்திருக்கும்படி, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். சட்டைக்கு வெளியே பிடி தெரிய நடப்பது வீரம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் தம்பிமார்கள் இதை ஒரு தடவை படிக்கலாம். புதிதாக லைசென்ஸ் கேட்பவர்களுக்கு ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சியையும் அதே விதிகள்தான் கொண்டுவந்தன. அதற்கு முன்பே வாங்கிய பெரியவர்களில் பலர் அந்தப் பயிற்சியின் பக்கமே போனதில்லை. எனக்குக் கவலை அவர்களைப் பற்றித்தான்.

சரி, எந்த ஹோல்ஸ்டர்? விலை அதிகமானதை வாங்குங்கள் என்று சொல்லவில்லை. பார்க்க வேண்டியது சில விஷயங்கள்தான். டிரிகரும் அதைச் சுற்றிய கார்டும் முழுக்க மூடியிருக்க வேண்டும், சுண்டுவிரல்கூட உள்ளே போகக் கூடாது. உங்கள் மாடலுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும், "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்று விற்கும் துணி உறை எதற்கும் பொருந்தாது. பிஸ்டலை எடுத்த பிறகும் உறையின் வாய் திறந்தபடியே நிற்க வேண்டும். இதுதான் பலர் கவனிக்காதது. தொய்ந்துபோன வாயை இடது கையால் விரித்துப் பிடித்துக்கொண்டு செருகினால், உங்கள் இடது கை விரல்கள் குழலுக்கு நேரே வந்துவிடும். அப்புறம், குனிந்தாலும் ஓடினாலும் நழுவாத பிடிப்பு வேண்டும். காலிப் பிஸ்டலைச் செருகி, மெத்தைக்கு மேலே ஹோல்ஸ்டரைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். விழுந்தால் அது ஹோல்ஸ்டர் கிடையாது.

ஹோல்ஸ்டர் நிற்க விறைப்பான பெல்ட் வேண்டும், பெல்ட் நிற்க பேண்ட் வேண்டும். வேட்டியோடு இதற்கு வழி தேடி நானும் நிறைய யோசித்தாயிற்று. பிஸ்டல் எடுக்கும் நாளில் பேண்ட் போடுங்கள். வேட்டிதான் கட்டுவேன் என்றால் அன்றைக்குப் பிஸ்டல் பீரோவிலேயே இருக்கட்டும்.

தோல் ஹோல்ஸ்டரைப் பற்றி நம் ஊருக்கென்று தனியாக ஒரு எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இங்கே செருப்பு, பெல்ட், கைப்பை எல்லாம் பச்சையாகப் பூஞ்சை பிடிக்கும். ஹோல்ஸ்டர் மட்டும் தப்புமா? ஈரமும் வியர்வையும் ஏறி ஏறி தோல் தொய்ந்துவிடும். தொய்ந்த தோலின் வாய்ப்பக்கம் உள்நோக்கி மடியும். நீங்கள் பிஸ்டலை உள்ளே அழுத்தும்போது அந்த மடிப்பு டிரிகர் கார்டுக்குள் புகுந்துகொள்ளும். நீங்கள் அழுத்துகிறீர்கள், மடிப்பு இழுக்கிறது. விரல் வெளியே இருந்தும் வெடித்த சம்பவங்கள் உலகம் முழுக்க இப்படித்தான் நடந்திருக்கின்றன. மழைக்காலம் முடிந்ததும் உங்கள் தோல் ஹோல்ஸ்டரை வெளிச்சத்தில் வைத்து, வாயை விரலால் நெருடிப் பாருங்கள். மடிந்தால் தூக்கிப் போடுங்கள், அப்பா கொடுத்ததாக இருந்தாலும். கைடெக்ஸ் என்கிற கெட்டியான பிளாஸ்டிக்கில் வருவது நம் சீதோஷ்ணத்துக்கு எவ்வளவோ மேல்.

பிஸ்டலைத் தோல் உறைக்குள்ளேயே வைத்துப் பீரோவில் மாதக்கணக்கில் பூட்டுவதும் வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், தோல் பதனிடப் போட்ட ரசாயனமும் உலோகத்தை அரிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உள்ளவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. அங்கே ஜன்னல் கம்பி படும் பாட்டைப் பார்த்தாலே புரியும். துரு ஏறிய சேஃப்டி பாதியில் நிற்கும். நீங்கள் போட்டுவிட்டதாக நினைப்பீர்கள், அது போட்டிருக்காது. எண்ணெய் லேசாகப் பூசி, உலர்ந்த துணியில் சுற்றி, தனியாக வையுங்கள். பழையதாக இருந்தால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரரிடம் ஒரு தடவை முழுக்கப் பார்க்கக் கொடுங்கள். "நவல்பட்டு துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த மாமாவிடம் காட்டினேன்" என்பார்கள். மாமா கெட்டிக்காரராகவே இருக்கட்டும், ராணுவ ரைஃபிள் செய்தவருக்கு 1930-களின் பெல்ஜியம் பிஸ்டலின் ஸ்பிரிங் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை.

இனி செருகும் முறை. எடுப்பதில் அவசரம் இருக்கலாம், திரும்ப வைப்பதில் அவசரம் எந்தக் காலத்திலும் இல்லை. ஆபத்து முடிந்த பிறகுதானே வைக்கிறீர்கள்? ஆள்காட்டி விரல் டிரிகரைத் தொடாமல், அதற்கு மேலே, பிஸ்டலின் உடம்பை ஒட்டி நேராக நிற்கட்டும். அது எப்போதும் தங்க வேண்டிய இடமே அதுதான், சுடும் நொடியைத் தவிர. சேஃப்டி இருந்தால் போடுங்கள். இடது கையால் சட்டையை நன்றாக மேலே தூக்கி நெஞ்சோடு அழுத்திப் பிடியுங்கள். நம் ஊரில் எல்லோரும் சட்டையை வெளியே விட்டுத்தான் போடுகிறோம், மெல்லிய காட்டன் சட்டை வேறு. அந்தச் சட்டை நுனி டிரிகர் கார்டுக்குள் சிக்குவதுதான் முதல் எதிரி. தோளில் துண்டு, கழுத்தில் ஐடி கார்டு கயிறு, அதெல்லாம் ரெண்டாவது. அப்புறம் குனிந்து, கண்ணால் ஹோல்ஸ்டரின் வாயைப் பாருங்கள். வெளியில் ஹேமர் (ஃபயரிங் பின்னைத் தட்டும் சுத்தி) தெரியும் மாடலாக இருந்தால் கட்டைவிரலை ஹேமரின் மேல் வைத்துக்கொண்டே இறக்குங்கள். ஏதாவது டிரிகரை இழுத்தால், சில மாடல்களில் ஹேமர் எழும்புவது விரலுக்கே தெரியும். பாதியில் தடை தட்டினால் அழுத்தக் கூடாது. வெளியே எடுத்து, என்ன சிக்கியது என்று பார்த்து, மறுபடி முதலிலிருந்து.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. காலையில் பிஸ்டலை ஹோல்ஸ்டருக்குள் வைத்த பிறகு, ஹோல்ஸ்டரோடு சேர்த்துப் பெல்ட்டில் மாட்டுங்கள். ராத்திரி ஹோல்ஸ்டரோடு சேர்த்துக் கழற்றுங்கள். கிளிப் வைத்த ஹோல்ஸ்டர்கள் இதற்காகவே வருகின்றன. டிரிகர் நாள் முழுக்க மூடியே இருக்கும். வெறும் பிஸ்டலைத் தொடும் அவசியமே பாதிக்கு மேல் போய்விடும்.

சேம்பரில் தோட்டா இருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். மேகசினில் (பிஸ்டலுக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில்) தோட்டா, சேம்பர் காலி. போலீஸுக்கும் ராணுவத்துக்கும் வேறு கணக்கு, அவர்கள் பயிற்சி வேறு. வருஷத்துக்கு ஒரு தடவைகூட ரேஞ்சில் சுடாத ஒருவர், சேம்பரில் தோட்டாவோடு பந்தியில் உட்காருவது எந்தப் பாதுகாப்பிலும் சேராது. "அவசரத்துக்கு ஸ்லைடு இழுக்க நேரம் இருக்குமா?" என்பார்கள் (பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட்டால்தான் தோட்டா சேம்பருக்குள் ஏறும்). சட்டைக்குள் கைவிட்டு மடியைத் துழாவும் நேரத்தைவிட அது குறைவு. திருச்சியில் ரைஃபிள் கிளப் இருக்கிறது, போய்ப் பழகுங்கள். பழகிய பிறகு இதைப் பற்றிப் பேசலாம். காலி சேம்பர் என்பதற்காக விளையாட்டுச் சாமான் மாதிரி கையாளவும் கூடாது. காலி என்று நினைத்ததுதான் எப்போதும் வெடிக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். தோட்டாவை இறக்கும்போது பலர் முதலில் ஸ்லைடை இழுக்கிறார்கள். சேம்பரில் இருந்த ரவுண்டு (தோட்டா) வெளியே குதிக்கிறது. ஸ்லைடு திரும்பும்போது மேகசினிலிருந்து அடுத்த ரவுண்டைத் தள்ளிச் சேம்பருக்குள் வைத்துவிடுகிறது. அதன் பிறகு மேகசினைக் கழற்றுகிறார்கள். கையில் மேகசின், மேஜையில் ஒரு தோட்டா, மனசுக்குள் நிம்மதி. பிஸ்டலுக்குள் இன்னொரு தோட்டா. சோதிக்க டிரிகரை இழுப்பார்கள். மேகசின் இல்லாவிட்டால் சுடாத மாடல்கள் உண்டு, சேம்பரில் இருப்பதைச் சுடும் மாடல்களும் நிறைய உண்டு. மேகசின் முதலில், ஸ்லைடு பிறகு. குழல் பாதுகாப்பான பக்கம் பார்க்கட்டும். ஸ்லைடை ரெண்டு மூன்று தடவை இழுங்கள், பிறகு பின்னால் இழுத்து நிறுத்தி, சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். கரண்ட் போன ராத்திரியில் விரல்தான் கண். வெளியே குதிக்கும் ரவுண்டை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கும் ஸ்டைல் சிலருக்கு உண்டு. தோட்டாவின் பின்பக்கம், அதை வெளியே தள்ளும் எஜெக்டரில் குத்தினால் கைக்குள்ளேயே வெடிக்கலாம். தரையில் விழட்டும், பொறுக்கிக்கொள்ளலாம்.

ஹேமரைக் கட்டைவிரலால் பிடித்துத் தோட்டாவின் மேல் மெதுவாக இறக்கும் வித்தையும் வேண்டாம். சித்திரை வெயிலில் வியர்த்த கட்டைவிரல் வழுக்கும். அதேபோல், தினமும் காலையில் சேம்பருக்கு ஏற்றுவதும் ராத்திரி இறக்குவதுமாக ஒரே தோட்டாவைப் படுத்தினால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டாவின் பித்தளைக் கேஸுக்குள் அமுங்கும். அமுங்கிய தோட்டாவைச் சுட்டால் அழுத்தம் கணக்கு மீறும். சேம்பரைக் காலியாக வைக்க இதுவும் ஒரு காரணம்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக: டேஷ்போர்டில் விட்டுவிட்டு டீ குடிக்க இறங்காதீர்கள், பைக் டேங்க் கவரில் வைக்கவே வைக்காதீர்கள். குளிக்கப் போகும் இடம் இன்னும் மோசம். ஆடிப்பெருக்குக்குக் காவிரிப் படித்துறையில் குடும்பத்தோடு இறங்குகிறோம். சட்டை, வேட்டி, செல்போன், நடுவில் சுருட்டிய துண்டுக்குள் பிஸ்டல். பக்கத்தில் முளைப்பாரியோடு ஊர்ப்பிள்ளைகள் அத்தனையும். அன்றைக்கு உங்களை யார் கொள்ளையடிக்க வரப்போகிறார்கள்? வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வாருங்கள். பூட்டு என்பது தலையணைக்கு அடியில் சொருகுவது இல்லை. பீரோவின் உள்லாக்கர், தோட்டா வேறு இடத்தில், சாவி உங்களிடம். ஒற்றை விரலால் இழுக்க முடியாத டிரிகரைக் குழந்தை ரெண்டு கட்டைவிரலையும் கோத்து இழுத்துவிடும், குழலைத் தன் முகத்துக்கு நேரே திருப்பி வைத்துக்கொண்டு.

தவறி வெடித்தால் "கை தவறிடுச்சு" என்று கதை முடியாது. 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபோது, அஜாக்கிரதையாகத் துப்பாக்கியைப் பயன்படுத்தி அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும் என்று சேர்த்தார்கள். அஜாக்கிரதையால் உயிரே போனால், 2024 ஜூலையில் வந்த புதிய பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் 5 வருஷம் வரை உள்ளே இருக்கலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் அது 2 வருஷமாக இருந்தது.

கடைசியாக ஸ்டேஷன். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். நீங்களும் வரிசையில் நின்று, ரைட்டர் மேஜையில் வைத்துத் தோட்டாவை இறக்குவீர்கள். சுற்றிலும் பத்துப் பேர், குழல் யாரையோ பார்க்கும். ராணுவத்தில் இதற்கென்றே மணல் நிரப்பிய பெட்டி இருக்கும், குழலை அதற்குள் காட்டித்தான் காலி செய்வோம். நம் ஸ்டேஷன்களின் வாசலிலும் ஒரு பழைய டிரம்மில் மணல் நிரப்பி வைக்கலாம் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். ஆற்று மணல் என்றால் நம் ஊரில் கேஸாகிவிடும், எம்-சாண்ட் போதும்.

டிரம் வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியது: வீட்டிலேயே, தோட்டத்துப் பக்கம், ஆள் இல்லாத இடத்தில் மண்ணைப் பார்த்துப் பிடித்துக் காலி செய்யுங்கள். மேகசினைத் தனியாக, தோட்டாக்களைத் தனி டப்பாவில் எண்ணி வைத்து, பிஸ்டலை ஹோல்ஸ்டரில் கொண்டுபோங்கள். எடுத்துக் கொடுக்கும் முன் வாயால் சொல்லுங்கள், "காலி சார், நீங்களும் ஒரு தடவை பாருங்க" என்று. ஸ்லைடைத் திறந்து காட்டிக் கொடுங்கள். ரசீதில் பிஸ்டல் நம்பரும் தோட்டா எண்ணிக்கையும் சரியாக ஏறியிருக்கிறதா என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள். திரும்ப வாங்கும்போதும் அதே மாதிரி, கையில் வந்ததும் முதல் வேலை ஸ்லைடைத் திறந்து பார்ப்பது. நடுவில் யார் எடுத்து யாரிடம் காட்டினார்களோ.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ ஆயுதப் பயிற்சியாளர்,
மன்னார்குடி வட்டம்.

பி.கு.: காலிப் பிஸ்டலையும் ஹோல்ஸ்டரையும் எடுத்துக்கொண்டு, தோட்டாவை வீட்டில் பூட்டிவிட்டு, லைசென்ஸ் புத்தகத்தோடு வந்தால் செருகும் முறையை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து காட்டித் தருகிறேன். காசு வேண்டாம். பேண்ட் போட்டுக்கொண்டு வாருங்கள்.